சின்னக் கொல்லைக்கு எந்த நகரும் கோழிக்கூண்டு?

ஒன்றரை சென்ட் கொல்லை, நாலு நாட்டுக்கோழி, காலையில் கூண்டைத் தள்ளி வைக்க வீட்டில் ஒரே ஓர் ஆள். பெரும்பாலும் அந்த ஆள் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருப்பார். இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வகைகளை ஒப்பிடுகிறேன். ஏக்கர் கணக்கில் மேய்ச்சல் நிலம் உள்ளவர்களுக்கும், ஐம்பது கோழி வைத்துத் தொழிலாகச் செய்பவர்களுக்கும் கணக்கு வேறு.

நகரும் கூண்டு என்றால் அடியில் தளம் இல்லாத கூண்டு. கோழி மண்ணிலேயே நிற்கும், கிளறும், புல்லையும் பூச்சியையும் தின்னும். நாளுக்கு ஒருமுறையோ இரண்டு நாளுக்கு ஒருமுறையோ கூண்டை அதன் நீளத்துக்குத் தள்ளி வைத்தால் எச்சம் ஒரே இடத்தில் குவியாது. முட்டையிடும் கோழி ஒன்று நாளைக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் எச்சம் போடும். நாலு கோழிக்கு அரைக் கிலோ பக்கம் வரும். பத்து நாள் ஒரே இடத்தில் விட்டு, அதன்மேல் ஒரு மழையும் பெய்தால், நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். பரவலாக விழுந்தால் அதே எச்சம் உரம்.

நம் ஊர்ப் பஞ்சாரமும் இந்த வகைதான். மூங்கிலில் பின்னி, அடி இல்லாமல், மேலே கைவிடும் அளவுக்கு ஓட்டை வைத்த கூடை. தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் காக்கை, பருந்திடமிருந்து காப்பாற்ற ஓர் இடத்தில் கவிழ்ப்பார்கள், அப்புறம் வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். நாலு பெட்டைக்கோழிகளை நாள் முழுக்க அதற்குள் வைக்க முடியாது என்பதால் இந்த ஒப்பீட்டில் அது வராது. ஆனால் எந்தக் கூண்டு செய்தாலும் ஒரு பஞ்சாரமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடை வைக்கிற காலத்தில் அதற்கு மாற்று கிடையாது.

பகலில் மேய விடுவதற்குக் கூண்டு இலேசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் நகர்த்த மாட்டார்கள். இரவில் மரநாயிடமிருந்தும் தெருநாயிடமிருந்தும் காக்கக் கூண்டு கனமாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். இரண்டும் எதிரெதிர். இணையத்தில் பார்க்கிற பெரும்பாலான வடிவங்கள் இரண்டையும் ஒரே கூண்டில் திணிக்கப் பார்க்கின்றன. சின்னக் கொல்லைக்கு இரண்டையும் பிரித்துவிடுவதே நல்லது என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன்.

இடக்கணக்கு

ஒன்றரை சென்ட் என்பது 650 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். கிணறு, துவைக்கிற கல், முருங்கை, தென்னம்பாத்தி, செப்டிக் டேங்க் மூடி எல்லாம் போகக் கூண்டு நகரக்கூடிய இடம் 400 சதுர அடி தேறினால் நல்லது. பகலில் ஒரு கோழிக்கு 8 சதுர அடியாவது வேண்டும். நாலு கோழிக்கு 8 அடி நீளம், 4 அடி அகலம், அதாவது 32 சதுர அடி. அப்படியென்றால் கொல்லையில் பன்னிரண்டு நிறுத்தங்கள்தான். தினமும் நகர்த்தினால் பன்னிரண்டே நாளில் கூண்டு புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும். புல் மறுபடி தழைக்க மூன்று வாரமாவது வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நாள் நிறுத்தினால் சுற்று 24 நாளாக நீளும். வளர்ந்த நாலு கோழிக்கு அது ஒத்துவரும்.

குஞ்சு இருந்தால் இரண்டு நாள் வேண்டாம். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி எச்சத்தோடு மண்ணில் விழுந்து, ஈரமும் வெப்பமும் கிடைத்தால் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். வளர்ந்த கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குஞ்சு தாங்காது. குஞ்சு உள்ள கூண்டைத் தினமும் நகர்த்தியே ஆக வேண்டும். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கு எந்தக் கூண்டும் மருந்தாகாது, தடுப்பூசிதான்.

ஐந்தாறு கோழி வளர்க்கலாமே என்று ஆசை வரும். இந்த இடத்துக்கு நாலுதான் வரம்பு, மூன்று இன்னும் நல்லது. முட்டைக்கு மட்டும்தான் என்றால் சேவல் தேவையே இல்லை. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும். நெருக்கமான தெருவில் விடியற்காலைச் சத்தம் ஒன்று குறையும்.

கூரை வடிவம்

இரண்டு பக்கமும் சரிந்து உச்சியில் சேரும் கூரை போன்ற வடிவம். செய்யச் சுலபம், அதனால்தான் எங்கும் இதுவே அதிகம். 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரத்தில் செய்தால் சட்டம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60 அடி குழாய் போகும். ஓரங்குலச் சதுர இரும்புக் குழாயில், 1.2 மில்லிமீட்டர் கனத்தில், அதுவே 16 கிலோ. வலை, கதவு, ஒரு பக்கத் தகரம், முட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்தால் 35 கிலோவைத் தொடும். ஒரு முனையில் சக்கரம் வைத்து மறுமுனையைத் தூக்கினால் கைக்கு வருவது அதில் பாதி, அதாவது ஒரு நிறைகுடத்தைவிடச் சற்றுக் கூட. நடுத்தர வயதில் உள்ளவருக்குச் சிரமம் இல்லை. எழுபது வயதுப் பாட்டிக்கு இது தினசரி வேலையாக முடியாது.

இந்த வடிவத்தின் பெரிய நன்மை, மழை தங்காது, காற்றும் சரிவில் வழுக்கிப் போகும். உச்சிக்குக் கீழே ஒரு கழி கட்டினால் கோழி இரவில் ஏறி அடையும். நாட்டுக்கோழிக்கு உயரம் முக்கியம். விட்டால் முருங்கைக் கிளையில் போய் உட்காரும் ஜாதி அது. கழியில் கோழி ஒன்றுக்கு 9 அங்குலம் என்று வைத்தால் நாலுக்கு 3 அடி போதும். முட்டைப்பெட்டி அந்தக் கழியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாக இருந்தால் கோழி பெட்டியிலேயே தூங்கி, முட்டையெல்லாம் எச்சத்தில் புரளும்.

குறை வெயிலில்தான் தெரியும். உச்சி குறுகலாக இருப்பதால் சூடான காற்று அங்கேதான் போய்த் தேங்கும். கழியும் அங்கேதான் இருக்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து இரைத்துத்தான் உடல் சூட்டை வெளியேற்றும். வெறும் தகரம் போட்ட கூரை வடிவக் கூண்டில் சித்திரை வெயில் இறங்கினால் பகலில் கோழி ஒன்றுகூட அந்தப் பக்கம் போகாது, முட்டையிடப் பெட்டிக்கும் வராது. தகரத்துக்கு மேல் தென்னங்கீற்று வேய்ந்து, உச்சியை ஒட்டி இரண்டு முனையிலும் காற்றுப்போக வலை விட்டால் நிலைமை எவ்வளவோ மாறும். அப்படிச் செய்யாத கூரை வடிவத்தை மதுரைக்கும் திருச்சிக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று, சரிந்த சுவர் என்பதால் தரையில் 4 அடி அகலம் இருந்தாலும் ஓரத்தில் கோழி நிமிர்ந்து நிற்க முடியாது. உள்ளே கைவிட்டுத் தண்ணீர்த்தட்டை எடுக்கவும் முதுகு வளைய வேண்டும். தினமும் செய்கிற வேலை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

தாழ்வான பெட்டி

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் பாலிஃபேஸ் பண்ணை நடத்தும் ஜோயல் சலாடின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் வடிவம் இது. அவருடையது 10 அடிக்கு 12 அடி, உயரம் வெறும் 2 அடி. எழுபத்தைந்து கறிக்கோழி வரை ஒரு பெட்டியில் விட்டுத் தினமும் காலையில் புதுப் புல்லுக்கு இழுத்து வைப்பார்கள். அதை அப்படியே சுருக்கி நம் கொல்லைக்குக் கொண்டுவரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு: அது சில வாரங்களில் எடை போட்டுக் கறிக்குப் போகும் கனத்த கோழிக்காகச் செய்தது. அந்தக் கோழி பறக்காது, கழியும் தேடாது. சிறுவிடை போன்ற நாட்டுக்கோழியை இரண்டடிப் பெட்டியில் இரவும் பகலும் வைத்தால் அதற்கு அடைய உயரமே இல்லை, தரையில் ஈரத்திலேயே படுக்க வேண்டும்.

ஆனால் பகலுக்கு மட்டும் என்றால் இதைவிட நல்ல வடிவம் இல்லை. முக்கால் அங்குலக் குழாயில் 8 அடிக்கு 4 அடி செய்தால் சட்டம் 12 கிலோ, வலை 7 கிலோ. கீற்று நிழலோடு சேர்த்து 22 கிலோவுக்குள் முடியும். தாழ்வாக இருப்பதால் காற்றுக்கு அஞ்ச வேண்டாம். அகலத்தைக் காய்கறிப் பாத்தியின் அகலத்துக்கே செய்துகொண்டால் கீரை அறுத்து முடிந்த பாத்திமேல் அப்படியே வைக்கலாம்; கோழி களையையும் புழுவையும் தின்று, கிளறி, உரமும் போட்டுவிடும். உரம் விழுந்த அந்தப் பாத்தியில் உடனே கீரை விதைக்கக் கூடாது. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் மட்காத எரு விழுந்த நாளிலிருந்து அறுவடை வரை, உண்ணும் பாகம் மண்ணைத் தொடும் பயிருக்கு 120 நாள், தொடாத காய்க்கு 90 நாள் இடைவெளி கேட்கிறார்கள். நம் கொல்லைக்கும் அதையே பின்பற்றலாம். கத்தரி, வெண்டை என்றாலும் முதல் பறிப்பு அந்த 90 நாளுக்குப் பிறகு வரும்படி பார்த்து நட்டு, கீரையை வேறு பாத்திக்கு மாற்றினால் சரி.

மாடிக் கூண்டும் வளைவுக் கூண்டும்

மேலே தூங்கும் அறை, கீழே மேயும் இடம், ஏணி, பக்கவாட்டில் முட்டைப்பெட்டி, நாலு சக்கரம். படத்தில் பார்த்தால் ஆசை வரும். பலகையிலும் பிளைவுட்டிலும் செய்தால் எப்படியும் 60 கிலோவைத் தாண்டும், பாரமும் முழுக்க மேலே இருக்கும். மேடுபள்ளமான கொல்லையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் சாயும். சிமென்ட் முற்றத்தில் உருட்ட நன்றாக இருக்கும். ஆனால் முற்றத்தில் வைத்தால் மண் கிடைக்காது, பிறகு நகரும் கூண்டு எதற்கு? கடைகளில் பெட்டியில் வரும் ஆயத்தக் கூண்டுகளும் இந்த வகைதான். மெல்லிய ஊசியிலை மரம். கறையான் உள்ள மண்ணில் அடிச்சட்டம்தான் முதலில் போகும். 'ஆறு கோழிக்கு' என்று எழுதியிருந்தால் சதுர அடியை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு கோழிக்குத்தான் தேறும்.

வளைவுக் கூண்டு என்பது குழாயையோ கனமான கம்பி வலையையோ அரைவட்டமாக வளைத்து மேலே தார்ப்பாய் போடுவது. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அந்த உயரத்துக்குச் செய்தால் சின்னக் கொல்லையில் திருப்ப இடம் இருக்காது. பிவிசி குழாய் வெயிலில் காய்ந்து ஒருநாள் பட்டென்று முறியும். அம்மியே பறக்கும் என்கிற ஆடிக்காற்றில் தார்ப்பாய் போட்ட வளைவு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கால் ஏக்கராவது இருக்கிறவர்கள் யோசிக்கலாம்.

இரவையும் பகலையும் பிரித்தால்

சமையலறைச் சுவரை ஒட்டி நிலையான ஓர் இரவுக்கூடு. 4 அடிக்கு 3 அடி, தரையிலிருந்து 2 அடி உயரத்தில், கீழே இடைவெளி விட்ட கட்டைத் தளம், உள்ளே ஒரு கழி, ஒரு முட்டைப்பெட்டி. நாலு கோழிக்குத் தலைக்கு 3 சதுர அடி. இரவுக்கு அது போதும். இதை நகர்த்தப் போவதில்லை என்பதால் எவ்வளவு கனமாகவும் செய்யலாம்: செங்கல், பழைய கதவுப் பலகை, எது கிடைத்தாலும். மழைக்காலத்தில் கோழிக்கு உலர்ந்த இடம் இது. ஐப்பசி, கார்த்திகையில் மண் சொதசொதவென்று இருக்கும்போது எந்த நகரும் கூண்டும் நகராது, கரிசல் மண்ணில் சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. அந்த வாரங்களில் பகல் பெட்டியை இரவுக்கூட்டின் வாசலோடு சேர்த்து நிறுத்தி, உள்ளே கடலைத்தோலோ தேங்காய்நார்க் கழிவோ அரையடிக்குப் போட்டு ஆழ்கூளமாக வைத்துக்கொள்ளலாம். வெயில் திரும்பியதும் அந்தக் கூளம் தென்னைக்கு.

பகலுக்கு மேலே சொன்ன தாழ்வான பெட்டி. காலையில் இரவுக்கூட்டைத் திறந்து, கையில் கொஞ்சம் கம்போ குருணையோ எடுத்துக்கொண்டு 'பா... பா...' என்று கூப்பிட்டால் கோழி பின்னாலேயே வந்து பெட்டிக்குள் நுழையும். வெறும் பெட்டியைத்தான் நகர்த்துகிறோம் என்பதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. கோழியோடு சேர்த்து இழுக்கும் கூண்டில் பின்பக்கச் சட்டம் தரையை உரசி வரும். முன்னால் பச்சை தெரிந்ததும் மூன்று கோழி அங்கே ஓடிவிடும், நாலாவது எதையோ கிளறிக்கொண்டு பின்னாலேயே நிற்கும். அதன் கால் சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டும். அதனால் அரையடி இழுத்து, நிறுத்தி, எட்டிப் பார்த்து, மறுபடி அரையடி என்றுதான் போக முடியும். வெறும் பெட்டி என்றால் இந்தப் பயம் இல்லை.

இந்த முறையில் குறையும் இருக்கிறது. காலை, மாலை இரண்டு வேளையும் ஆள் வேண்டும். மாலையில் பெட்டியைத் திறந்தால் கோழி தானே இரவுக்கூட்டுக்குப் போகும், ஆனால் கதவை யாராவது சாத்த வேண்டும். இன்னொரு குறை பெரியது: கீரி பகலில்தான் திரியும். மரநாய் இரவு விலங்கு, அதை இரவுக்கூடு பார்த்துக்கொள்ளும். கீரி, சாரைப்பாம்பு, தெருநாய் மூன்றும் பகலிலும் வரும். வீட்டில் யாராவது இருக்கிற, கொல்லைக் கதவு திறந்தே கிடக்கிற வீடுகளில் இலேசான பெட்டி போதும். இருவரும் வேலைக்குப் போய் மாலைதான் திரும்புகிற வீடு என்றால் நான் இந்த முறையைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கீற்று வேய்ந்த கூரை வடிவம்தான், அதுவும் நல்ல வலையோடு. காலையில் ஒரே தள்ளு, அதோடு வேலை முடிந்தது.

சுற்றுச்சுவர் இல்லாத கொல்லையாக இருந்து தெருநாய் கூட்டமாக வருகிற இடம் என்றால், பகல் பெட்டிக்கு நாலு மூலையிலும் வளையம் வைத்து, ஒன்றரை அடிக் கம்பியை வளைத்து மண்ணில் அடித்து நிறுத்த வேண்டும். 22 கிலோப் பெட்டியைப் புரட்டிப்போட இரண்டு நாய் போதும்.

பட்டறைக்குப் போகும் முன்

வலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அறுகோணக் கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தே கிழிக்கும். அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) வாங்குங்கள். ஓரங்குலக் கண் மலிவு, ஆனால் எலியும் சின்னப் பாம்பும் நுழையும், மரநாய் கைவிட்டுப் பிடிக்கும். காசு போதவில்லை என்றால் பக்கங்களுக்கு அரை அங்குலம், மேல்பக்கத்துக்கு ஓரங்குலம் என்று கலந்து அடிக்கலாம். இது பகல் பெட்டிக்கு மட்டும், இரவுக்கூட்டுக்கு முழுக்க அரை அங்குலம்தான்.

கூரை வடிவம் செய்பவர்கள், இரவிலும் கோழி அதில்தான் என்பதால், அடிச்சட்டத்தைச் சுற்றி வெளிப்பக்கம் ஓரடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கிற மாதிரி கீல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கீரியும் நாயும் சுவர் ஓரத்தில்தான் தோண்டும். கீழே வலை தட்டுப்பட்டால் பின்வாங்கித் தோண்ட அதற்குத் தோன்றாது. நகர்த்தும்போது அந்த வலையை மடித்து மேலே மாட்டிக்கொள்ளலாம். தரை மேடுபள்ளமாக இருந்து சட்டத்துக்குக் கீழே இரண்டு அங்குலம் இடைவெளி தெரிந்தால் போதும், கீரிக்கு அதுவே வாசல். நிறுத்திய பிறகு சுற்றி வந்து, இடைவெளியில் செங்கல் வைப்பது தினமும் செய்ய வேண்டிய வேலை.

மூங்கிலும் சவுக்கும் இலேசு, விலையும் குறைவு. மேல்பாகத்துக்குத் தாராளமாகப் போடலாம். மண்ணைத் தொடும் அடிச்சட்டம் மட்டும் இரும்பாக இருக்கட்டும், கறையானுக்கு வேலை இல்லாமல் போகும். சக்கரத்துக்கு 8 அங்குலத்துக்குக் குறையாத தள்ளுவண்டிச் சக்கரமோ பழைய சைக்கிள் சக்கரமோ போடுங்கள். சின்ன உருளைச் சக்கரம் மண்ணில் புதையும். கைப்பிடியைத் தூக்கினால் மட்டும் சக்கரம் தரையில் படும்படி, ஓரங்குலம் மேலே தூக்கி அச்சை வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நின்ற இடத்தில் சட்டம் மண்ணில் படியாது. பட்டறையில் பெரும்பாலும் கிலோக் கணக்கில்தான் கூலி பேசுவார்கள், அதனால் கனத்தைக் குறைத்தால் காசும் குறையும். பெயின்ட் அடிப்பதற்கு முன், தினமும் நகர்த்தப் போகிறவரையே அழைத்துப்போய்த் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கனமாக இருக்கிறது என்றால் ஓரடி நீளத்தை அங்கேயே அறுத்துக் குறைத்துவிடலாம்.

வேலையைத் தை, மாசியில் முடித்துவிடுங்கள். மண் உலர்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. இரவுக்கூடு புதிது என்றால் முதல் ஒரு வாரம் கோழியை வெளியே விடாமல் அதிலேயே தீனியும் தண்ணீரும் வைத்து அடைத்து வையுங்கள். அப்புறம்தான் அந்தியில் கோழி தானாக அங்கே வரும், முருங்கையில் ஏறாது. பங்குனி தொடங்கியதும் பெட்டியின் பாதையை நிழலை வைத்து மாற்ற வேண்டும். பிற்பகல் நிழல் மரத்துக்கும் வீட்டுக்கும் கிழக்கே விழும், அதனால் கோடை மூன்று மாதமும் கிழக்குப் பக்க நிறுத்தங்களைத்தான் பயன்படுத்த முடியும். பன்னிரண்டு இடம் ஏழெட்டாகக் குறையும். அந்த மாதங்களில் நாளுக்கு ஒரு கூடை காய்ந்த இலையோ வைக்கோலோ பெட்டிக்குள் போட்டால் எச்சத்தோடு கலந்து மண் கெடாமல் இருக்கும், கோழிக்கும் கிளற ஏதாவது கிடைக்கும். தண்ணீர் மற்ற மாதங்களைப் போல இரண்டு மடங்கு வையுங்கள், மண்சட்டியில்.